விரலுக்கேற்ற பிஸ்டல்: வயதும் பட்ஜெட்டும் மாறும்போது கைத்துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. எழுபது வயதுக்காரர் உள்ளே நுழைந்தால் கவுண்டர் மேல் ஒரு குட்டி ரிவால்வர் வந்து உட்காரும். ஐந்து தோட்டா, அலுமினிய உடம்பு, பேண்ட் பாக்கெட்டில் அடங்கிவிடும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு 15 தோட்டா பிடிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பிஸ்டலோடு லைட்டும் ரெட் டாட்டும் (ஒளிப்புள்ளியால் குறிபார்க்கும் கருவி) சேர்த்துக் காட்டுவார்கள். ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம் வசதியாகத் தெரிபவர் முன்னால் பளபளக்கும் ஸ்டீல் 1911 (பழைய ராணுவப் பிஸ்டல் மாடல்) ஒன்று வரும்.

இதில் அதிகம் தப்பாகப் போவது முதலாவது. சிறியதும் லேசானதுமான துப்பாக்கிதான் சுடுவதற்கு மிகக் கடினமானது. அதைப் போய் விரலில் வலுக் குறைந்தவர் கையில் கொடுக்கிறார்கள். வயதையும் பர்ஸையும் பார்த்து எடுப்பதை விட்டுவிட்டு மூன்றைப் பார்க்க வேண்டும்: கை எவ்வளவு இழுக்கும், கண் எந்தத் தூரத்தில் தெளிவாகப் பார்க்கும், மாதம் எத்தனை தோட்டாவுக்குக் காசு இருக்கிறது. வயதும் வருமானமும் மாறினால் இந்த மூன்றும் மாறும். அதற்கேற்பத் துப்பாக்கியும் மாறும்.

2023-ல் ப்யூ ஆய்வு மையம் கேட்டபோது அமெரிக்கப் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதம் பேருக்குத் தற்காப்பு ஒரு முக்கியக் காரணம். இந்தக் குறிப்புகளும் தற்காப்புக்காகச் சட்டப்படி வாங்கி, வீட்டில் வைத்து, ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) பழகுகிறவர்களுக்குத்தான்.

முதலில் சட்டம்

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது 1968-ம் ஆண்டுச் சட்டம். இதை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடக்கின்றன. கடையில் 4473 படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டதும் பின்னணிச் சோதனை நடக்கும். அதில் பொய் சொல்வது கிரிமினல் குற்றம்.

தமிழர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் விசா. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் முக்கியமான விதிவிலக்கு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே தடைதான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை ஆசையாக ரேஞ்சுக்கு அழைத்துப் போகுமுன் இதைக் கவனியுங்கள்.

வயதானவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. மூட்டுவலிக்கு மாநிலம் அனுமதித்த கஞ்சா எடுத்துக்கொண்டாலும் 4473 படிவத்தில் அதைப் பற்றிய கேள்வி நிற்கிறது. மாநில அனுமதி அங்கே செல்லாது.

மேகசின் (பிஸ்டலில் தோட்டா அடுக்கும் பெட்டி) அளவையும் மாநிலமே தீர்மானிக்கும். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் 10 தோட்டாதான் உச்சவரம்பு. அங்கே இருப்பவர் 15, 17 என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

துப்பாக்கி விலை பாதிச் செலவுதான்

500 டாலர் கையில் இருந்தால் 500 டாலருக்குத் துப்பாக்கி வாங்குவது முதல் முறை வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. அதற்குப் பிறகு தோட்டா வாங்கக் காசு இருக்காது. இரண்டு பெட்டி சுட்டுவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

தோட்டா விலை ஏறி இறங்கும். (9 எம்எம், .380, .45 என்பவை தோட்டா ரகங்களின் பெயர்கள்.) கடந்த சில ஆண்டுகளின் நிலவரப்படி பயிற்சிக்கான 9 எம்எம் ஒன்று சுமார் 25 சென்ட். .380 அதைவிடச் சிறியது, ஆனால் விலை அதிகம்: 35 சென்ட் அளவில். .38 ஸ்பெஷலும் .45-ம் 40 முதல் 45 சென்ட். .22 மட்டும் 10 சென்ட்டுக்குள் கிடைக்கும். மாதம் 100 தோட்டா சுட்டால் வருடத்துக்கு 9 எம்எம்மில் 300 டாலர், .45-ல் சுமார் 500 டாலர். இரண்டே வருடத்தில் இந்த வித்தியாசம் ஒரு புதுப் பிஸ்டலின் விலையை நெருங்கிவிடும். இளவயதில் 9 எம்எம் பக்கம் கூட்டம் சேர்வதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான்.

மொத்தமே 500 டாலர் என்றால்: போலீஸ் துறை கழித்துவிட்ட பழைய பிஸ்டல் 300 முதல் 350, வரியும் கடைக் கட்டணமும் 35, தோட்டா 200 (50 டாலர்), காதுக் கவசமும் கண்ணாடியும் 35, மிச்சத்தில் ஒரு சிறிய பூட்டுப் பெட்டி. கேபிள் பூட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பல ஊர்களில் போலீஸ் நிலையத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள்.

1,000 டாலர் என்றால் புதுப் பிஸ்டல் 500, ஒருநாள் வகுப்பு 150, தோட்டா 500 (125 டாலர்), அவசரத்தில் திறக்கும் பெட்டி 120, காதுக்கும் கண்ணுக்கும் 60. வகுப்பை வெட்டிவிட்டு லைட் மாட்டிக்கொள்வதுதான் இந்த ரகத்தில் நடக்கும் தப்பு. 2,000 டாலர் இருந்தாலும் துப்பாக்கிக்கு 700-க்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு மேல் கொடுப்பதில் பெரும்பகுதி வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும்.

இருபதுகளில்: கை நன்றாக இருக்கிறது, காசுதான் இல்லை

இந்த வயதில் எந்த ஸ்லைடையும் (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் பிஸ்டலின் மேல்பகுதி) இழுக்க முடியும், எந்தக் குறியும் (குறிபார்க்க மேலே இருக்கும் முனை) தெளிவாகத் தெரியும். எனவே காசை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. நடுத்தர அளவு 9 எம்எம்: கிளாக் 19, ஸ்மித் & வெஸன் எம்&பி, சிஇசட் பி-10. எடை வெறுமையாகச் சுமார் 600 முதல் 750 கிராம். இன்னும் குறைவாக வேண்டுமானால் டாரஸ் ஜி3சி, ரூகர் செக்யூரிட்டி-9 ஆகியவை 300 டாலர் அளவில் கிடைக்கின்றன.

பழைய போலீஸ் பிஸ்டல்களில் .40 ரகம் சல்லிசாகக் கிடைப்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ பெரிய தோட்டாவைத் தேடிப் போனது. 1990-ல் .40 பிறந்தது, போலீஸ் துறைகள் எல்லாம் அதன் பின்னால் ஓடின. 2010-களின் நடுவில் எஃப்பிஐயே 9 எம்எம்முக்குத் திரும்பியதும் கழித்துவிட்ட .40 பிஸ்டல்கள் சந்தையில் குவிந்தன. துப்பாக்கி மலிவு. ஆனால் தோட்டா விலை அதிகம், உதையும் (சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் விசை) அதிகம். மாதம் 50 தோட்டாவுக்குக் குறைவாகச் சுடுபவருக்கு மட்டுமே கணக்குக் கட்டுப்படியாகும்.

பழைய பிஸ்டல் வாங்கும்போது வெளிப்புறக் கீறலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது உறையில் உரசிய தடம். போலீஸ் துப்பாக்கி அதிகம் சுமக்கப்பட்டது, குறைவாகச் சுடப்பட்டது. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகு இவற்றைப் பாருங்கள்: குழலுக்குள் வெளிச்சம் விட்டால் எங்காவது வளையம் போல நிழல் தெரிகிறதா (தெரிந்தால் குழல் வீங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள்), குழல் வாயின் விளிம்பில் பொக்கை இருக்கிறதா, ஸ்லைடைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மெதுவாக விட்டால் தானாக முழுதும் முன்னால் வந்து அமர்கிறதா. வரவில்லை என்றால் ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதை எப்படியும் மாற்றிவிடுவது நல்லது, பெரிய செலவில்லை. இருட்டில் ஒளிரும் டிரிடியம் குறி இருந்தால் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். டிரிடியத்தின் ஒளி 12 வருடத்துக்குச் சற்று மேலானால் பாதியாகிவிடும். புதிது போட 80 முதல் 100 டாலர் ஆகும், விலை பேசும்போது அதைக் கழித்துப் பேசுங்கள்.

டிரிகரை மாற்றுவது, ஸ்லைடில் ஓட்டை போடுவது போன்ற ஒட்டுவேலைகளை இந்த வயதில் நிறையப் பேர் செய்கிறார்கள். அந்தக் காசுக்கு 600 தோட்டா வாங்கலாம். குறி தவறுவதற்கு டிரிகர் காரணமாக இருப்பது அபூர்வம். உதையை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே கீழே தள்ளுவதுதான் காரணம். சரிபார்க்க, போலித் தோட்டா ஒன்றை மேகசினில் எங்கேயோ கலந்து போடச் சொல்லுங்கள். அது வரும்போது துப்பாக்கி வாய் தலைகுனிந்தால் உங்கள் பிரச்சினை அதுதான்.

முப்பது முதல் நாற்பத்தைந்து: வீட்டில் குழந்தை, இடுப்பில் எடை

இரண்டு விஷயம் புதிதாக வரும். ஒன்று, குழந்தை. உயரமான அலமாரி பாதுகாப்பு ஆகாது, குழந்தைக்கு நாற்காலி போடத் தெரியும். பூட்டுப் பெட்டி கட்டாயம். மலிவான பெட்டிகளில் பேட்டரி இறந்துபோவதுதான் அதிகம் நடக்கிறது. பொத்தான் அழுத்தித் திறக்கும் மெக்கானிகல் பூட்டுக்கு 200 டாலருக்கு மேல் ஆகலாம், ஆனால் அதில் பேட்டரியே கிடையாது. ரேஞ்சிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்குமுன் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சட்டையை மாற்றுங்கள். ஈயத்தூள் ஒட்டியிருக்கும்.

மற்றொன்று, அனுமதி வாங்கி உடம்போடு வைத்துக்கொள்ளும் ஆசை. 2018-ல் வந்த சிக் பி365, உள்ளங்கை அளவில் 10 தோட்டா பிடித்துச் சந்தையையே திருப்பிப் போட்டது. மற்ற கம்பெனிகள் எல்லாம் அதே அளவில் இறங்கின. வாங்குபவர்கள் மறந்துவிடுவது: குட்டிப் பிஸ்டல் கையில் துள்ளும். வீட்டுக்கு மட்டும் என்றால் பெரிய பிஸ்டலையே வைத்துக்கொள்ளுங்கள். சுமப்பதற்கு என்றால் குட்டியை வாங்கி, அதற்குக் கூடுதல் பயிற்சியும் ஒதுக்குங்கள்.

குட்டிப் பிஸ்டலில் அடிக்கடி வரும் கோளாறு, வெற்றுக் கூடு வெளியே போகாமல் ஸ்லைடின் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொள்வது. பிஸ்டலைக் குறை சொல்லுமுன் மணிக்கட்டைப் பாருங்கள். ஸ்லைடு பின்னால் ஓட வேண்டுமானால் உடற்பகுதி அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து உடற்பகுதியும் கூடவே பின்னால் போனால் ஸ்லைடுக்குப் போதிய ஓட்டம் கிடைக்காது. துப்பாக்கி லேசாக இருக்க இருக்க இது அதிகம்.

உறையில் மிச்சம் பிடிக்காதீர்கள். டிரிகரை முழுதும் மூடும், வார்ப்பில் செய்த கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) உறை 60 முதல் 80 டாலர், தடித்த பெல்ட் 50. துணி உறைகள் மடங்கி டிரிகருக்குள் புகுந்து வெடித்த விபத்துகள் உண்டு. உறைக்குள் வைக்கும்போது பார்த்து, மெதுவாக வையுங்கள். அங்கே வேகத்துக்கு வேலையே இல்லை.

நாற்பத்தைந்துக்கு மேல்: கண் முதலில் போகும்

கை வலுவாகவே இருக்கும், ஆனால் முன்குறி மங்கத் தொடங்கும். வெள்ளெழுத்து. நிறையப் பேர் இதைத் துப்பாக்கியின் குறை என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள்.

மலிவான வழியிலிருந்து தொடங்குங்கள். முன்குறியை ஸ்பிரிட்டால் துடைத்து, வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் பளிச்சென்ற ஆரஞ்சு இரண்டு பூச்சு. அடியில் வெள்ளை இல்லாவிட்டால் ஆரஞ்சு எடுபடாது. பின்குறியில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் கறுப்பு மார்க்கரால் அழித்துவிடுங்கள். கண்ணுக்கு ஒரே ஒரு பொட்டு போதும்.

இரண்டாவது கண்ணாடி. படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ.க்கு அளந்தது. கை நீட்டிப் பிடித்தால் முன்குறி 60 முதல் 70 செ.மீ. தள்ளி நிற்கும். அதனால் படிக்கும் கண்ணாடி இங்கே உதவாது, கம்ப்யூட்டருக்குப் போடுவது கிட்டத்தட்டப் பொருந்தும். கண்ணிலிருந்து கை நீட்டிய தூரத்தை யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லி, அந்த எண்ணைக் கண் பரிசோதகரிடம் கொடுங்கள். புரோகிரெசிவ் கண்ணாடியோடு சுடுபவர் முன்குறியைத் தேடித் தலையை அண்ணாந்து பின்னால் சாய்ப்பார். கழுத்தும் வலிக்கும், குறியும் தவறும்.

மூன்றாவது ரெட் டாட். இதில் முன்குறி, பின்குறி, இலக்கு என மூன்றைத் துரத்த வேண்டாம். இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் வந்து நிற்கும். ஹோலோசன் 200 முதல் 300 டாலர், ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் அதைவிட இருநூறாவது கூடும். வாங்குமுன் ஒரு சோதனை: சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது, வால் முளைத்த நட்சத்திரம் போலத் தெரியும். கடையில் கையில் எடுத்து, சைட்டைப் பக்கவாட்டில் மெதுவாகச் சுழற்றுங்கள். அந்த வால் சுழலாமல் அதே திசையில் நின்றால் பிரச்சினை உங்கள் கண்ணில். கைபேசியில் படம் பிடித்தால் படத்தில் புள்ளி சுத்தமாக இருக்கும், அதுவும் உறுதிப்படுத்தும். வெளிச்ச அளவைக் குறைத்தாலோ பச்சைப் புள்ளிக்கு மாறினாலோ பலருக்குச் சரியாகிறது. சரியாகாதவர்கள் பெரிய பொட்டு முன்குறிக்கே போவது நல்லது.

புதிதாக மாட்டியவர்களின் புகார் "புள்ளியே காணோம்" என்பது. கண்ணாடிக்குள் புள்ளியைத் தேடாதீர்கள். பழைய இரும்புக் குறியில் பார்ப்பதுபோல முன்குறியைக் கண்ணுக்கு எதிரே கொண்டுவந்தால் புள்ளி அங்கேயே இருக்கும். தினமும் காலித் துப்பாக்கியில் பத்து முறை தூக்கிப் பழகினால் சில வாரங்களில் கை தானாகப் போகும். திருகுகளைக் கம்பெனி சொன்ன முறுக்கத்தில் இறுக்கி, திருகின் தலைக்கும் சைட்டின் உடம்புக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகினால் திருகு தளர்கிறது என்று அர்த்தம். பேட்டரியை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மாற்றிவிடுவது சுலபமான கணக்கு.

கையில் காசு சேரும் வயதும் இதுதான். 1911-ம் பழைய ரிவால்வரும் வாங்குவார்கள். 1911 முதல் 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் பிஸ்டல் அது. போலீசும் 1980-கள் வரை ரிவால்வரோடுதான் திரிந்தார்கள். இன்றைய எழுபது வயதுக்காரருக்கு ரிவால்வர் பிடிப்பதில் உடம்புக்கும் பங்குண்டு, ஆனால் பாதி அவர் கற்றுக்கொண்ட காலம். கிளாக்கில் பழகிய தலைமுறை எழுபதைத் தொடும்போது ரிவால்வரைத் தேடிப் போகும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கோல்ட் பைத்தான் ரிவால்வர் 2020-ல் 1,499 டாலருக்குத் திரும்ப வந்தது. அழகான பொருள்தான். ஆசைக்கு வாங்குங்கள், தேவைக்கு என்று உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

அறுபதுக்கு மேல்: கை சொல்வதைக் கேளுங்கள்

கடைக்குக் காலையில் போங்கள். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு விரல் மிகவும் விறைத்திருக்கும் நேரம் அதுதான். சாயங்காலம் சுலபமாக இழுத்த ஸ்லைடு, விடியற்காலையில் வராது.

அந்தக் குட்டி ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். ஸ்மித் & வெஸன் 642, எடை சுமார் 410 கிராம். டிரிகரை இழுக்க 5 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். தன் எடையைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் விரல் இழுக்கும்போது அந்த லேசான பொருள் ஆடாமல் எப்படி நிற்கும்? கிளாக்கில் டிரிகர் இரண்டரைக் கிலோ. சோதித்துப் பார்க்க, காலி என்று உறுதிசெய்து, முன்குறி மேல் ஒரு பென்னி (ஒரு சென்ட் நாணயம்) வைத்து, அது விழாமல் பத்து முறை டிரிகரை இழுங்கள். ஆறாவது இழுப்பிலேயே இரண்டாவது விரல் உதவிக்கு வந்தால் அந்த ரிவால்வர் உங்களுக்கானது இல்லை. சுட்டால் உதை நேராகக் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். ஐந்து சுட்டபின் கூடுகளைத் தள்ளும் கம்பி குட்டை, பாதியில் கூடு மாட்டும். வாயை வானத்துக்குத் தூக்கி உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டியிருக்கும். வலிக்கும் கைக்கு இதுவும் வேலைதான்.

ஸ்லைடே இழுக்க முடியாதவருக்கு ரிவால்வர்தான் வழி என்றால், கனமானதை வாங்குங்கள். பழைய மாடல் 10 போல ஒரு கிலோ எடையுள்ள ஸ்டீல் ரிவால்வர் வீட்டுக்குப் போதும். தோட்டா 148 கிரெய்ன் (தோட்டா முனையின் எடை அளவு) வாட்கட்டர், அதாவது தட்டை முனை ரகம், உதை மிகக் குறைவு. சிறியதுதான் வேண்டும் என்றால் .32 பக்கம் போங்கள். 2024-ல் வந்த ஸ்மித் & வெஸன் 432 யூசி அதே குட்டி உடம்பில் .32 எச்&ஆர் மேக்னம் ஆறு பிடிக்கும், உதை .38-ஐ விட நன்றாகவே குறைவு. லேசான ரிவால்வரில் .357 (விசை மிகுந்த தோட்டா) மட்டும் வேண்டாம். உதையில் தோட்டாவின் முனையே கூட்டிலிருந்து நகர்ந்து, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும்.

ஆனால் "ஸ்லைடு இழுக்க முடியவில்லை" என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை வலுவில் இல்லை, முறையில். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுக்கப் பார்க்கிறார்கள். அதை விடுங்கள். பிஸ்டலை நெஞ்சுக்கு அருகே கொண்டுவாருங்கள், வாய் எப்போதும் இலக்குப் பக்கமே. டிரிகரிலிருந்து விரல் வெளியே. இடக்கையை மேலிருந்து கவிழ்த்து, நான்கு விரலும் உள்ளங்கையின் அடிப்பகுதியும் ஸ்லைடைப் பிடிக்கட்டும். இனி இழுக்காதீர்கள், வலக்கையால் பிஸ்டலை முன்னால் குத்துங்கள். தோளும் முதுகும் சேர்ந்து வேலை செய்யும். முழுதும் பின்னால் போனதும் சட்டென்று விட்டுவிடுங்கள். கையோடு கூட்டிவந்து வைத்தால் தோட்டா பாதியில் நிற்கும்.

வெளியே சுத்தியல் தெரியும் பிஸ்டல் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. முதலில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, பிறகு ஸ்லைடை இழுங்கள். சுத்தியலின் ஸ்பிரிங்கை ஸ்லைடு தனியாகத் தள்ள வேண்டியதில்லை, எடை சட்டெனக் குறைவது தெரியும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள 9 எம்எம் 1911 இந்தக் காரணத்தால் வீட்டுக்கு அருமையான துப்பாக்கி. உதையும் மென்மை. துருக்கியில் செய்யும் டிசாஸ் 400 டாலர் அளவில் தொடங்குகிறது.

.380 சிறிய தோட்டா, அதனால் ஸ்லைடும் இலகு என்று நம்பி வால்தர் பிபிகே வாங்கிவிடாதீர்கள். அந்த ரகத்தில் குழல் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்க வேண்டும், எனவே ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும். பல 9 எம்எம் பிஸ்டல்களைவிட இழுக்கக் கடினம். ரூகர் எல்சிபி போல 270 கிராம் பிஸ்டலோ உதையில் கையைக் கடிக்கும். .380-ல் எடுக்க வேண்டியது இந்தத் தேவைக்கென்றே வடிவமைத்தவை: 2018-ல் வந்த ஸ்மித் & வெஸன் 380 ஷீல்டு ஈசி, ரூகர் செக்யூரிட்டி-380. ஷீல்டு ஈசியில் ஸ்லைடு இலகு, மேகசினின் பக்கத்தில் கீழே இழுக்க ஒரு குமிழ் உண்டு, தோட்டா போட விரல் நோகாது. குறை ஒன்றே: பிடியின் பின்னால் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கிறது, அதை உள்ளங்கை முழுதாக அழுத்தாவிட்டால் சுடாது. கை தளர்ந்தவர் இதைக் கடையிலேயே சோதிக்க வேண்டும்.

இழுக்கவே வேண்டாம் என்றால் குழலையே மேலே மடக்கித் தோட்டா வைக்கும் ரகங்கள்: பெரெட்டா டாம்கேட், கிர்சன் எம்சி 14டி. சேம்பரில் ஒன்றைக் கையால் வைத்து மூடிவிடலாம். ஆனால் தோட்டா மாட்டிக்கொண்டால் சரிசெய்ய எப்படியும் ஸ்லைடைத் தொட வேண்டியிருக்கும்.

.22 பற்றிப் பலரும் முகம் சுளிப்பார்கள். உதையே இல்லாத .22-ல் பத்துக்கு எட்டு குறியில் போடுபவர், .38-ல் பத்துக்கு இரண்டு போடுபவரைவிட மேல். டாரஸ் டிஎக்ஸ்22 போல 16 பிடிக்கும் பிஸ்டல் 300 டாலருக்குள் கிடைக்கும். பலவீனம், ஓரத்தில் அடித்து வெடிக்கும் இந்தத் தோட்டாக்கள் மற்றவற்றைவிட அடிக்கடி வெடிக்காமல் போகும். அதற்கு .22 ரிவால்வர் என்று போனால் அங்கே டிரிகர் இன்னும் கடினம், ஏனென்றால் ஓரத்தை அடிக்க ஓங்கிய அடி வேண்டும். இன்னொன்று: பல .22 துப்பாக்கிகளில் காலியாக டிரிகர் இழுத்துப் பழகினால் ஊசி சேம்பர் விளிம்பில் மோதிப் பழுதாகும். கையேட்டைப் பாருங்கள், இல்லையென்றால் போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள்.

9 எம்எம்மை விட மனமில்லாதவர்கள் துப்பாக்கியை மாற்றுமுன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் லைட் 100 கிரெய்ன் உதையில் இலகு. மேகசினில் தோட்டா ஏற்ற அப்லூலா என்ற 35 டாலர் கருவி, வலிக்கும் கட்டைவிரலுக்குத் தரும் நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. காது ஏற்கெனவே மந்தமானவர்கள் எலக்ட்ரானிக் காதுக் கவசம் வாங்கினால் பயிற்றுநர் சொல்வது கேட்கும். பெட்டியில் கைரேகைப் பூட்டு வேண்டாம். வயதான விரலின் தோல் காய்ந்து ரேகை தேய்ந்திருக்கும், நாலு தரம் வைத்தாலும் திறக்காது.

பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும்போது

உங்கள் காசில் வாங்கி அப்பாவுக்குப் பரிசாகக் கொடுப்பது, அவருக்கு வைத்திருக்கத் தகுதி இருந்தால், மத்தியச் சட்டப்படி செல்லும். அவர் காசைக் கொடுத்து உங்கள் பெயரில் வாங்கச் சொன்னால் அது குற்றம். அவர் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள உரிமக் கடை வழியாகத்தான் போக வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் உள்ளூரிலும் கூடுதல் மாநில விதிகள் உண்டு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் திடீர்ப் பரிசாக வேண்டாம். ரேஞ்சில் 20 டாலர் அளவில் வாடகைக்கு எடுத்து அவர் கையால் 50 சுட்டுப் பார்க்கட்டும்.

மறதி நோயோ மனச்சோர்வோ வந்தால் என்ன செய்வது என்பதை, நல்ல நினைவோடு இருக்கும்போதே பேசிவிடுங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வயதான ஆண்களுக்கு அந்த ஆபத்து அதிகம். வரிசை எண்கள், வாங்கிய ரசீது, யாருக்குப் போக வேண்டும் என்ற தாள் ஒன்று பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். பெட்டியைத் திறக்கும் எண் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். யார் முடிவு சொன்னால் துப்பாக்கியை எடுக்கலாம் என்பதையும் அந்தத் தாளில் அவரே எழுதட்டும். நிலைமை திடீரென மோசமானால் பெட்டியைத் திறக்கும் எண்ணை மாற்றுங்கள், தோட்டாக்களை முதலில் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். சில கடைகளும் சில போலீஸ் நிலையங்களும் தற்காலிகமாக வைத்துக்கொள்கின்றன. எடுத்துப் போகுமுன் ஃபோன் செய்து கேளுங்கள், துப்பாக்கியோடு நேரே உள்ளே நுழையாதீர்கள். உறவினர் வீட்டில் வைக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதற்கு அனுமதியில்லாத இடத்தில், ஸ்லைடை மட்டும் கழற்றி வேறு வீட்டில் வைத்தால் மீதி சுட முடியாது.